கதிர் நிற்கும் இடம்

பௌதிகவியல் மாணவர் அனைவரும் ஏதோ ஒரு தவணையிற் கற்று, பரீட்சை முடிந்ததும் மறந்துவிடும் வளைகோடு ஒன்று உண்டு. மின்னேற்றம் கொண்ட துணிக்கையொன்று சடப்பொருளினுள் ஊடுருவிச் செல்லுகையில், ஆழத்துக்கு ஏற்பத் தன் சத்தியை எவ்வாறு இழக்கின்றது என்பதைக் காட்டும் கோடு அது. தொடக்கத்தில் ஏறத்தாழ மட்டமாகவே செல்லும்; பின்னர் மெல்ல உயரும்; முடிவை அண்மித்ததும் செங்குத்தாக எழுந்து, எழுந்த இடத்திலேயே வீழ்ந்து அடிக்கோட்டைத் தொடும். அதற்கு அப்பால் ஒன்றுமில்லை. பிறாக் உச்சி என அதனை வழங்குவர். பல ஆண்டுகளாக அதனை நான் கரும்பலகையில் வரைந்து வந்திருக்கிறேன். மாணவர் உச்சியையே கவனிப்பர். நானும் உச்சியையே விளக்குவேன். அவ்வுச்சிக்கு அப்பாலுள்ள வெறுமை ஒரு குழந்தையின் வாழ்வுக்கு எத்துணை பெறுமதி உடையது என்பதை 2019 ஆம் ஆண்டில் அருகிருந்து காணும் நிலை எனக்கு ஏற்பட்டது. இக்கட்டுரை அவ்வெறுமையைப் பற்றியது.

அக்கோடு பிறந்த இடம் நம்மைப் போன்றோருக்குச் சிறிது ஆறுதல் தருவது. கேம்பிரிட்ஜும் அன்று, பாரிசும் அன்று. தென் அவுஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரம். வில்லியம் ஹென்றி பிறாக் 1886 இல் அங்கு கணிதமும் பௌதிகமும் கற்பிக்கும் பேராசிரியராகச் சென்றார். ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள் கற்பித்தலிலேயே கழிந்தன. சொல்லத்தக்க ஆராய்ச்சி எதனையும் அவர் செய்தாரல்லர். 1904 இன் தொடக்கத்தில், நாற்பது வயதைக் கடந்த நிலையில், நியூசிலாந்தின் டனீடின் நகரில் கூடிய விஞ்ஞான மகாநாட்டில் ஒரு பிரிவுக்குத் தலைமையுரை ஆற்ற வேண்டியிருந்தது. அவ்வுரைக்காக வாசித்தவற்றிலிருந்தே அவருடைய ஆராய்ச்சி தொடங்கிற்று. இரேடியத்திலிருந்து வெளிப்படும் அல்பாத் துணிக்கைகள் வளியில் ஒரு குறித்த தூரம் சென்றதும் நின்றுவிடுகின்றன என்பதையும், நிற்குமுன் உள்ள சிறு தூரத்திலேயே அவை மிகக் கூடுதலான அயனாக்கத்தை ஏற்படுத்துகின்றன என்பதையும் அவர் அவ்வாண்டிலேயே வெளியிட்டார். பதவியுயர்வுக்கு வெளியீடுகளை எண்ணும் நமது காலத்தில் இத்தகைய ஒருவர் என்ன ஆகியிருப்பார் என்று நான் சில வேளைகளில் எண்ணுவதுண்டு.

துணிக்கை ஏன் இவ்வாறு நடந்துகொள்கிறது? மாரிகாலத்தில் வாய்க்காலில் வரும் கலங்கல் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இதனை விளக்குதல் எளிது. விரைந்து ஓடும் நீர் வண்டலைச் சுமந்துகொண்டே போகும். எங்கே வேகம் தணிகிறதோ அங்கே படியவிடும். புரோத்தனும் அத்தகையது. வேகமாகச் செல்லும்போது, வழியிலுள்ள அணுக்களின் இலத்திரன்களைத் தாக்குவதற்கு அதற்கு நேரம் போதாது. வேகம் குறையக் குறைய ஒவ்வோர் அணுவின் அருகிலும் தங்கும் நேரம் கூடுகிறது. தங்கும் நேரம் கூடக் கூட இழக்கும் சத்தியும் கூடுகிறது. இழக்க இழக்க இன்னும் வேகம் குறைகிறது. ஆகவே கடைசிச் சில மில்லிமீற்றர்களிலே எஞ்சிய சத்தி முழுவதையும் கொட்டிவிட்டு அது நின்றுவிடும். புறப்படும்போது கொடுக்கும் சத்தியை மாற்றுவதன் மூலம் நிற்கும் இடத்தை நாமே தீர்மானிக்கலாம். 70 மெகா இலத்திரன் வோல்ற்றுச் சத்தியுடன் புறப்படும் புரோத்தன் நீரில் ஏறத்தாழ 4 சதமமீற்றர் செல்லும். 250 மெகா இலத்திரன் வோல்ற்றுடன், அதாவது ஒளியின் வேகத்தில் ஐந்தில் மூன்று பங்கு வேகத்துடன், புறப்படுவது ஏறத்தாழ 38 சதமமீற்றர் செல்லும். மனித உடல் பெரும்பாலும் நீரே. எக்ஸ் கதிருக்கு இத்தன்மை இல்லை. அது தோலுக்குச் சற்றுக் கீழே மிகுந்த அளவைக் கொடுத்து, பின் படிப்படியாகக் குறைந்து, கட்டியைத் தாண்டியும் சென்று, உடலின் மறுபுறத்தால் வெளியேறும். நிற்பது என்பது அதற்குத் தெரியாது.

இதனை வைத்தியத்துக்குப் பயன்படுத்தலாம் என்று முதலில் எழுதியவர் றொபேட் வில்சன். 1946 நவம்பரில் வைத்தியச் சஞ்சிகையொன்றில் ஐந்து பக்கக் கட்டுரையாக அது வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 32. போர்க்காலத்தில் லொஸ் அலமொஸில் அணுக்குண்டு ஆக்கும் முயற்சியில் ஆராய்ச்சிப் பிரிவொன்றுக்குத் தலைமை தாங்கியவர் அவர். ஹிரோஷிமா நிகழ்ந்து பதினைந்து மாதங்களே கடந்திருந்தன. குற்றவுணர்வே அவரை இவ்வழியிற் செலுத்திற்று என்று கூறிவிடலாம். மனித மனத்தை அவ்வளவு இலகுவாகக் கணக்கிட்டுவிட முடியும் என நான் நம்பவில்லை. ஹாவார்ட் பல்கலைக்கழகத்துக்குப் புதிய சைக்கிளோத்திரன் ஒன்றை வடிவமைக்கும் பொறுப்பு அவரிடம் இருந்தது. அதன் கதிர் எவ்வளவு தூரம் செல்லும் என்று கணித்தபோது அவர் அந்த வளைகோட்டின் மறுபயனைக் கண்டார். கூர்மையான உச்சி ஒரு பெரிய கட்டியை மூடப் போதாது என்பதையும் உணர்ந்து, தடிப்பு மாறிமாறி வரும் சுழற்சக்கரம் ஒன்றைக் கதிரின் பாதையில் வைத்து உச்சியை அகலப்படுத்தலாம் என்றும் அக்கட்டுரையிலேயே கூறியிருந்தார்.

பௌதிகம் ஆயத்தமாக இருந்தது. வைத்தியம் ஆயத்தமாக இருக்கவில்லை. 1954 இல் பேர்க்லியில் முதன்முதலாக மனிதருக்குப் புரோத்தன் கதிர் செலுத்தப்பட்டது. முற்றிய மார்பகப் புற்றுநோயாளரின் கபச்சுரப்பியை அழித்து, ஓமோன் சுரப்பைத் தடுப்பதே அன்று நோக்கமாயிருந்தது. (அக்கபச்சுரப்பியைத் தப்பவைப்பதற்காக இன்று குழந்தைகளுக்கு இதே கதிரைத் தேடுகிறோம்.) 1957 இல் சுவீடனின் உப்சலாவிலும் 1961 இல் ஹாவார்டிலும் சிகிச்சை தொடங்கியது. ஆயினும் ஒரு பெருங்குறை எஞ்சியது. புரோத்தன் எங்கே நிற்கும் என்பதைச் சொல்லமுடிந்தது. கட்டி எங்கே இருக்கிறது, அதற்கு முன்னால் எவ்வளவு என்பு, எவ்வளவு வளி, எவ்வளவு தசை என்பதைச் சொல்ல முடியவில்லை. 1971 இல் ஹவுன்ஸ்பீல்டின் கணினி எக்ஸ் கதிர்ப் படம் வந்த பின்னரே அக்குறை நீங்கத் தொடங்கியது. 1970 களில் ஹேமன் சூட், மைக்கேல் கொய்ற்றீன் ஆகியோர் ஹாவார்டின் கதிரை நாள்தோறும் சிறு சிறு பகுதிகளாகக் கொடுக்கும் முறையை ஆரம்பித்தபோது, அவர்களுடைய முதல் நோயாளி இடுப்பின் பின்புறத்தில் சார்க்கோமா ஏற்பட்டிருந்த நான்கு வயதுச் சிறுவன். பௌதிக ஆய்வுகூடமாக எழுந்த அக்கட்டடம் 2002 இல் பணியை நிறுத்தியபோது ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளர் அங்கு சிகிச்சை பெற்றிருந்தனர். வைத்தியசாலை ஒன்றிலேயே போதிய சத்தியுடைய இயந்திரம் நிறுவப்பட்டது 1990 இல், கலிபோர்னியாவின் லோமா லிண்டாவில்; அவ்வியந்திரத்தைக் கட்டிக் கொடுத்தது வில்சன் நிறுவிய பேர்மி ஆய்வுகூடம்.

என் தங்கையின் மகனுக்கும் 2019 இல் வயது நான்குதான். அவர்கள் இலண்டனில் வாழ்பவர்கள். இடது நாசி அடைபட்டிருந்தது. தடிமன் என்றே எல்லோரும் கருதினர். சில கிழமைகளின் பின் இடது கண்ணிமை தாழ்ந்தது. மூக்கின் பின்புறத்தே, மண்டையோட்டின் அடித்தளத்தை ஒட்டி, றப்டோமயோசார்க்கோமா என்னும் கட்டி வளர்ந்திருந்தது. வன்கூட்டுத் தசையாக முதிர வேண்டிய கலங்கள் முதிராமலே பெருகுவதால் உண்டாகும் நோய் அது. பிள்ளைகளுக்கு ஏற்படும் மென்னிழையப் புற்றுநோய்களுள் இதுவே மிகுதியாகக் காணப்படுவது. பெரும்பாலோர் பத்து வயதுக்கு உட்பட்டவர்கள். அவ்விடத்தில் சத்திர சிகிச்சை செய்து கட்டியை முழுமையாக அகற்றுதல் இயலாது. மருந்தும் கதிருமே வழி.

மருந்து மூன்று வகையாகக் கொடுக்கப்பட்டது. அவற்றுள் ஒன்றாகிய வின்கிறிஸ்ரின், நமது ஊர்களில் வேலியோரத்திலும் சுடலைக்கரையிலும் கேட்பாரற்றுப் பூக்கும் பட்டிப்பூச் செடியிலிருந்து எடுக்கப்படுவது. இதைச் சொன்னபோது தங்கை நெடுநேரம் பேசாமலிருந்துவிட்டு, "எங்கட கிணத்தடியிலை நிண்ட பட்டிப்பூவோ அண்ணை?" என்று மட்டும் கேட்டாள். 1960 களில் இந்நோய் கண்ட பிள்ளைகளுள் நால்வரில் ஒருவரே பிழைத்தனர். மருந்துகளை ஒன்றுசேர்த்துக் கொடுக்கும் முறை வந்த பின், வசதி மிக்க நாடுகளில் நூற்றுக்கு எழுபது பேரளவில் பிழைக்கின்றனர். இங்கேதான் கதிரின் பிரச்சினை தொடங்குகிறது. பிழைப்பவன் நான்கு வயதுப் பிள்ளை. அவன் இன்னும் அறுபது, எழுபது ஆண்டுகள் வாழவேண்டியவன்.

முதியவரின் முகத்தில் கதிர் பட்டால் பட்ட இடம் புண்ணாகி ஆறும். வளரும் பிள்ளையின் என்பிற் பட்டால் அவ்வென்பு வளர்வதை நிறுத்திவிடக்கூடும். முகத்தின் ஒரு பாதி வளர, மறுபாதி நான்கு வயதிலேயே நின்றுவிடும். பல்லரும்புகள் கருகும்; கண்வில்லை வெண்படலம் கொள்ளும்; கபச்சுரப்பி பழுதுற்றால் உயரம் குன்றும்; மூளையிற் பட்டால் கற்கும் ஆற்றல் குறையும்; இருபது, முப்பது ஆண்டுகள் கழிந்து அதே கதிரினால் வேறொரு புற்றுநோய் தோன்றவும் கூடும். பெற்றோரிடம் இவற்றை எல்லாம் ஒரே மாலையிற் சொல்லி, ஒவ்வொரு தாளிலும் கையொப்பம் பெறவேண்டியது வைத்தியரின் கடமை. அக்கடமையை இளம் பெண் வைத்தியர் ஒருவர் மிகுந்த நிதானத்தோடு செய்ததை நான் கண்டேன்.

அவர் கணினித் திரையில் இரண்டு படங்களை அருகருகே வைத்துக் காட்டினார். இரண்டும் என் மருமகனுடைய தலையின் குறுக்குவெட்டு. ஒன்றில் எக்ஸ் கதிரால் சிகிச்சையளித்தால் எங்கெங்கே எவ்வளவு படும் என்பது நிறங்களாற் காட்டப்பட்டிருந்தது, மற்றையதில் புரோத்தனால். கட்டியின் மேல் இரண்டிலும் ஒரே சிவப்பு. ஆனால் முதற் படத்தில் சிவப்பைச் சுற்றி மஞ்சளும், மஞ்சளைச் சுற்றிப் பச்சையும், அதற்கப்பால் மூளையின் பின்புறம் வரை, வலக் கன்னம் வரை மெல்லிய நீலமும் பரவியிருந்தன. இன்றைய எக்ஸ் கதிர் இயந்திரங்கள் பல திசைகளிலிருந்து சுழன்று கட்டியைக் குறிபார்ப்பதில் வியக்கத்தக்க திறமை வாய்ந்தவை. எனினும் அத்திறமைக்கு விலையாகச் சிறிய அளவொன்றை எங்கும் தெளித்துவிடுகின்றன. இரண்டாவது படத்தில் வலக் கன்னத்தில் நிறமே இல்லை. வலக் கண்ணிலும் இல்லை. வெறும் சாம்பல் நிறத்தில் ஒரு பிள்ளையின் தலை, அவ்வளவே. இடக் கன்னத்து என்பை எந்தக் கதிராலும் காப்பாற்ற முடியாது, ஏனெனில் கட்டி அதனை ஒட்டியே இருக்கிறது என்பதையும் அவ்வைத்தியர் மறையாமற் கூறினார்.

வெளியே வந்ததும் தங்கை என்னைக் கேட்டாள்: "அண்ணை, இது மற்றதைவிட நல்லா மாத்துமோ?"

"மாத்துறது ரெண்டும் ஒண்டுபோலத்தான் பிள்ளை."

"அப்ப ஏன் இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?"

அவளுடைய கேள்வி மிக நியாயமானது. இத்துறை அறிஞர் பலர் சுற்றிவளைத்து விடையளிக்கும் கேள்வியும் அதுவே. விளம்பரங்கள் சில, புரோத்தன் சிகிச்சை புற்றுநோயைக் கூடுதலாகக் குணப்படுத்தும் என்ற எண்ணத்தை விதைக்கின்றன. இந்நோயைப் பொறுத்தவரை அதற்கு ஆதாரம் இல்லை. அமெரிக்காவில் இதே நோய்க்காகப் புரோத்தன் பெற்ற 57 பிள்ளைகளின் முடிவுகள் 2014 இல் வெளியாயின. கட்டியை அடக்கும் ஆற்றலில் எக்ஸ் கதிரோடு அது ஒத்து நின்றது. கட்டிக்கு இரண்டும் ஒரே அளவைத்தான் கொடுக்கின்றன. கட்டிக்கு எந்தக் கதிர் என்பது தெரியாது. வேறுபாடு முழுவதும் கட்டிக்கு வெளியே இருக்கிறது. கொடுத்ததில் அன்று, கொடாமல் விட்டதில் இருக்கிறது. கொடாமல் விட்டதன் பயனை ஒரு தாய்க்குக் காட்டுவது எப்படி? இன்னும் பதினைந்து ஆண்டுகளில் வராமற்போகும் குறைகளை இன்றைக்கு எடுத்துக் கையிற் கொடுக்க முடியாது. "மற்றப் பக்கம் வளரும்" என்று மட்டும் சொன்னேன். அதற்குப் பின் அவள் ஒன்றும் கேட்கவில்லை.

இலண்டனில் வாழ்பவர்கள் மான்செஸ்ரர் வரவேண்டியதாயிற்று. பிரித்தானிய அரசு 25 கோடிப் பவுண் செலவில் இரண்டு நிலையங்களை அமைக்கத் தீர்மானித்திருந்தது. மான்செஸ்ரரில் உள்ளது 2018 டிசெம்பரில் முதல் நோயாளியை ஏற்றது. இலண்டனில் உள்ளது 2021 இறுதியிலேயே தொடங்கியது. அதற்கு முன்னர், 2008 முதல், அந்நாட்டுப் பிள்ளைகள் அரச செலவில் அமெரிக்காவுக்கும் சுவிற்சலாந்துக்கும் அனுப்பப்பட்டு வந்தனர். அவ்வேளை நான் ஆராய்ச்சி விடுமுறையில் இங்கிலாந்தில் இருந்தமையால், மருமகனுடைய தகப்பன் வேலைக்குச் செல்லும் நாள்களில் துணைக்கு இருக்க முடிந்தது.

மொத்தம் 50.4 கிறே, நாளொன்றுக்கு 1.8 ஆக 28 நாள்கள். சனி ஞாயிறு ஓய்வு. நான்கு வயதுப் பிள்ளை அசையாது கிடக்கமாட்டான் ஆதலால், 28 நாளும் மயக்க மருந்து. மயக்க மருந்துக்காக 28 காலையும் பட்டினி. கதிரைப் பற்றிக் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்ட என் தங்கையால் இப்பட்டினியைத்தான் தாங்க முடியவில்லை. விழித்தவுடன் பால் கேட்கும் பிள்ளைக்கு எதைச் சொல்லி மறுப்பது? ஏனைய எல்லாவற்றையும் விஞ்ஞானம் பொறுப்பெடுத்துக்கொண்டது. இதனை அவளிடமே விட்டுவிட்டது. சூட்டில் இளகும் பிளாஸ்ரிக்கினால் அவன் முகத்துக்கு ஒரு மூடி செய்து, நாள்தோறும் அதே நிலையில் தலையைப் பொருத்துவர். சுற்றிலும் வெண்ணிறச் சிற்றறை. அதன் சுவருக்குப் பின்னே, கதிரை எத்திசையிலிருந்தும் திருப்பவல்ல மூன்று மாடி உயர இரும்புச் சட்டகம். அதற்கும் அப்பால் 90 தொன் நிறையுள்ள சைக்கிளோத்திரன். இவ்வளவும் சேர்ந்து, ஒரு நாளைக்குச் சில நிமிடங்கள் மட்டும், நெல்மணி அகலத்தையொத்த கதிரால் கட்டியை அடுக்கடுக்காகத் தீட்டின. மூன்றாம் கிழமை இடக் கன்னம் சிவந்தது; வாய்க்குள் புண் வந்தது. புரோத்தன் தோலைத் தொடாது என்று நம்பி வருபவர்கள் அறியவேண்டியது இது: புகும் வழியில் அதுவும் சத்தியை இழந்துகொண்டுதான் செல்கிறது.

நிற்கும் இடம் பற்றிய உறுதியும் கரும்பலகையிற்போல் அத்துணைத் தூயதன்று. பத்துச் சதமமீற்றர் ஆழத்தில் இரண்டு மூன்று மில்லிமீற்றர் முன்பின்னாகலாம். மூக்கினுள் சளி கட்டினால், முன்பு வளி இருந்த இடத்தில் நீர் நிற்கும். புரோத்தன் முன்னதாகவே நின்றுவிடும். சளி வடிந்தால் சற்று அப்பாற் செல்லும். ஆகவே இடையிடையே மீண்டும் படமெடுத்துக் கணக்கைத் திருத்தினார்கள். ஒரு சாதாரணத் தடிமன் 90 தொன் இயந்திரத்தைக் காக்கவைத்த நாளும் உண்டு. மேலும், பாதையின் இறுதிநுனியில் புரோத்தன் கலங்களுக்கு இழைக்கும் சேதம் கணக்கிலும் சற்றுக் கூடுதலாயிருக்கலாம் என்பதால், மூளைத்தண்டின் முன்னே கதிரை நிறுத்தும் திசைகளை இயன்றவரை தவிர்த்தனர். உச்சியின் கூர்மையே இச்சிகிச்சையின் பலம். மிக நுண்ணிய உறுப்பொன்றின் வாயிலில் அப்பலத்தை நம்பாமலிருப்பதும் இச்சிகிச்சையின் ஒரு பகுதி.

எக்ஸ் கதிரையும் புரோத்தனையும் எழுமாற்றாகப் பிள்ளைகளுக்கு வழங்கி ஒப்பிட்ட பரீட்சார்த்தம் இந்நோய்க்கு நடத்தப்படவில்லை. இரண்டு படங்களையும் பக்கத்திற் பார்த்தபின் எந்தத் தாய் நாணயம் சுண்டச் சம்மதிப்பாள் என்பர் ஒரு சாரார். அத்தகைய ஒப்பீடு இன்றி இவ்வளவு பணத்தைச் செலவிடுவது எப்படி நியாயமாகும் என்பர் மறுசாரார். முன்னவர் பக்கமே என் மனம் சாய்கிறது; நான் நடுநிலையாளன் அல்லன் என்பதையும் வாசகர் அறிவர். எனினும் பின்னவரின் கேள்வி நம்மைப் போன்ற நாட்டினருக்கு அலட்சியம் செய்யத்தக்கதன்று. வசதி மிக்க நாடுகளில் புற்றுநோய் கண்ட பிள்ளைகளுள் நூற்றுக்கு எண்பதின் மேற்பட்டோர் குணமடைய, வறிய நாடுகள் பலவற்றில் முப்பது பேர்கூடக் குணமடைவதில்லை என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அங்கே பிள்ளைகள் மாள்வது புரோத்தன் இல்லாமையால் அன்று. நோய் காலம் தாழ்த்தி அறியப்படுவதாலும், மருந்து இடையில் அறுந்துபோவதாலும், வழிச்செலவுக்குப் பணமின்றிப் பாதியில் வீடு திரும்புவதாலும். நமக்கு மிக அண்மையிலுள்ள புரோத்தன் நிலையம் 2019 இல் சென்னையில் திறக்கப்பட்டது, தனியாருடையது. பட்டிப்பூ மருந்தும், பிழையற்ற நோய்நிர்ணயமும், நல்ல எக்ஸ் கதிர் இயந்திரமும் எல்லா மாவட்டப் பிள்ளைகளுக்கும் கிடைக்குமுன் அத்தகையதொன்றை இங்கு கட்டவேண்டும் என்று ஒருவர் வாதாடினால் நான் உடன்படமாட்டேன். என் மருமகனுக்கு அது கிடைத்ததையிட்டு மகிழ்கிறேன். இவ்விரு கருத்துகளையும் ஒருங்கே வைத்திருப்பது சுகமான நிலை அன்று.

அவன் இப்பொழுது பத்து வயதைக் கடந்துவிட்டான். கட்டி திரும்பவில்லை. இடக் கன்னம் வலக் கன்னத்திலும் சற்றுத் தட்டையானது. நேரிற் பார்ப்போருக்குத் தெரியாது, நிழற்படத்தில் தெரியும். இடப்புற மேற்றாடையில் இரண்டு நிலைப்பற்கள் முளைக்கவில்லை. வலப்புறம் எல்லாம் முளைத்துவிட்டன. இரண்டாவது புற்றுநோய் பற்றிய கேள்விக்கு விடை காண இன்னும் இருபது ஆண்டுகளேனும் செல்லும். அதற்காக அவனைப் போன்ற பிள்ளைகளின் விபரங்களைத் தொடர்ந்து பதிந்து வருகின்றனர். ஆறு மாதத்துக்கொருமுறை கபச்சுரப்பிக்காக இரத்தம் எடுத்து, சுவரில் நிறுத்தி உயரத்தையும் அளக்கின்றனர். சென்ற முறை மூன்று சதமமீற்றர் கூடியிருந்தது என்று தங்கை தொலைபேசியிற் கூறினாள்.